வளைந்து நிலைத்த கரை

பாடம் 6 – உரைநடை

கற்றல் நோக்கங்கள்

- பிறமொழிப் பழமொழி ஒன்றின் பொருளை அது தோன்றிய மண்ணின் வாழ்வோடு பொருத்தி உணர்தல்.
- வளைதல், தளர்தல், பணிதல் ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை அறிந்து பயன்படுத்துதல்.
- செய்தியைக் காரண காரியத் தொடர்போடு எடுத்துரைக்கும் உரைநடைத் திறனைப் பெறுதல்.

நுழையும்முன்

பெருங்காற்று வீசும்போது மரம் முறிந்து விழுகிறது. நாணல் சாய்ந்து, காற்று ஓய்ந்தபின் நிமிர்ந்து நிற்கிறது. இக்காட்சியைத் தமிழர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டாகக் கூறி வருகின்றனர். இதே கருத்தைச் சீன மக்கள் நான்கே எழுத்துகளில் ஒரு பழமொழியாக வைத்துள்ளனர். அப்பழமொழியைச் சொல்வது எளிது. அதன்படி ஓர் ஆற்றை ஆள முடியுமா? முடியும் என்பதற்குச் சீனத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கும் நீரே சான்று. அதனை இப்பாடத்தில் காண்போம்.

நான்கு எழுத்துப் பழமொழி

சீன மொழியில் நான்கு எழுத்துகளால் அமைந்த மரபுத்தொடர்கள் பல உண்டு. அவற்றைச் 'செங்யூ' என்பர். அவற்றுள் ஒன்று 'யீ ரோ கெ காங்' என்பதாகும். 'யீ' என்பது 'கொண்டு' என்னும் பொருள் தரும். 'ரோ' என்பது மென்மை. 'கெ' என்பது வெல்லுதல். 'காங்' என்பது வன்மை. மென்மையைக் கொண்டு வன்மையை வெல்லுதல் என்பது இதன் திரண்ட பொருள். சீன ஞானி லாவோட்சுவின் பெயரால் வழங்கும் 'தாவோ தே சிங்' என்னும் பழைய நூலிலும் இக்கருத்து நீரை உவமையாகக் கொண்டு விளக்கப்பட்டுள்ளது.

இங்கு 'ரோ' என்னும் எழுத்தை நாம் சற்று உற்று நோக்க வேண்டும். அதன் கீழ்ப்பகுதி மரத்தைக் குறிக்கும் வடிவம். மேற்பகுதி ஈட்டியைக் குறிக்கும் வடிவம். சீனத்தின் பழைய அகராதி ஒன்று, வளைக்கவும் நிமிர்த்தவும் கூடிய மரத்தின் தன்மை என்று இவ்வெழுத்துக்குப் பொருள் கூறுகிறது. எனவே, இப்பழமொழி போற்றும் மென்மை பஞ்சின் மென்மை அன்று. அழுத்தினால் வளைந்து, விட்டால் நிமிரும் மரக்கிளையின் மென்மையே அது. வளைதல் பாதி, நிமிர்தல் மீதிப் பாதி. இரண்டும் கூடினால்தான் பழமொழி முழுமை பெறும்.

மின் ஆறும் செங்டு சமவெளியும்

சீனத்தின் தென்மேற்கில் சிச்சுவான் மாநிலம் அமைந்துள்ளது. அதன் வடபகுதி மலைகளில் தோன்றும் மின் ஆறு, செங்குத்தான பள்ளத்தாக்குகளின் வழியே விரைந்து இறங்கிச் செங்டு சமவெளியை அடைகிறது. மலையில் விரைந்து ஓடிய ஆறு, சமவெளியை அடைந்ததும் திடீரெனத் தன் வேகத்தை இழக்கிறது. அது சுமந்து வந்த மணலும் கூழாங்கற்களும் படிந்து ஆற்றுப்படுகை உயர்கிறது. பனி உருகும் காலத்திலும் மழைக் காலத்திலும் நீர் கரை கடந்து பெருகும். பிற காலங்களில் சமவெளியின் வயல்கள் வறண்டு கிடக்கும். வெள்ளம், வறட்சி என இரு துன்பங்களையும் ஒரே ஆறு தந்தது.

கி.மு. 316இல் இப்பகுதியைச் சின் நாட்டினர் வென்றனர். பின்னர் இங்கு ஆளுநராக அமர்த்தப்பட்டவர் லீ பிங் என்பவர். கி.மு. 256ஆம் ஆண்டளவில் அவர் மின் ஆற்றை நெறிப்படுத்தும் பணியைத் தொடங்கினார். அப்பணியின் விளைவே டூஜியாங்யான் என்னும் பாசன அமைப்பு.

தடுக்காமல் பிரித்தல்

ஆற்றின் குறுக்கே உயர்ந்த அணை எழுப்பி நீரைத் தேக்குவதே எவருக்கும் முதலில் தோன்றும் வழி. லீ பிங் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. ஆற்றைத் தடுக்காமல், அதனை இரண்டாகப் பிரித்தார். ஆற்றின் நடுவே நீளமான ஒரு கரை அமைக்கப்பட்டது. அதன் முனை மீனின் வாயைப் போன்றிருந்ததால் 'மீன்வாய்' எனப் பெயர் பெற்றது. அக்கரையின் ஒருபுறம் செல்வது உள்ளாறு. மறுபுறம் செல்வது வெளியாறு.

உள்ளாறு குறுகலானது, ஆழமானது. வெளியாறு அகன்றது, ஆழம் குறைந்தது. நீர் குறைந்த காலத்தில் ஏறத்தாழ பத்தில் ஆறு பங்கு நீர் ஆழமான உள்ளாற்றின் வழியே வயல்களுக்குச் செல்லும். வெள்ளக் காலத்தில் இந்நிலை தலைகீழாக மாறும். அகன்ற வெளியாறு ஏறத்தாழ ஆறு பங்கு நீரை ஏற்றுக்கொண்டு, சமவெளிக்குத் தீங்கு நேராமல் கொண்டு செல்லும். கதவும் இல்லை, அதனைத் திறந்து மூடக் காவலரும் இல்லை. ஆற்றின் அளவு மாறும்போது பங்கும் தானே மாறிக்கொள்ளும்.

அப்படியும் உள்ளாற்றில் நீர் மிகுந்தால் என் செய்வது? அதற்கெனக் கரையின் தாழ்ந்த பகுதியில் ஒரு கலிங்கு அமைக்கப்பட்டது. ஆற்றுப்படுகையிலிருந்து அதன் உயரம் சுமார் 2 மீட்டரே. மிகுந்த நீர் அதன்மேல் வழிந்து வெளியாற்றில் சேரும். நீரின் சுழற்சி மணலையும் கற்களையும் அள்ளி எறிந்து செல்வதால், இக்கலிங்கினைப் 'பறக்கும் மணற்கலிங்கு' என்னும் பொருள்பட அம்மக்கள் அழைக்கின்றனர்.

மூங்கிற்கூடைகள்

பாயும் ஆற்றின் நடுவே கரை எழுப்புவது எளிதன்று. கற்களைக் கொட்டினால் வெள்ளம் உருட்டிச் சென்றுவிடும். இதற்குத் தீர்வாக மூங்கில் பயன்பட்டது. அம்மலைப் பகுதியில் மூங்கில் மிகுதி. மூங்கிலைப் பிளந்து, நீண்ட உருளை வடிவக் கூடைகளாகப் பின்னினர். அவற்றுள் ஆற்றின் கூழாங்கற்களையே நிரப்பினர். கூடைகளை வரிசையாக அடுக்கிக் கரையாக்கினர்.

தனித்தனியே கிடந்தபோது உருண்டோடிய கற்கள், கூடைக்குள் சேர்ந்தபோது அசையா எடையாயின. எனினும் அக்கரை சுவரைப் போல நீரை முழுவதும் எதிர்க்கவில்லை. கற்களின் இடுக்குகள் வழியே ஓரளவு நீர் புகுந்து செல்ல இடந்தந்தது. அதனால் வெள்ளத்தின் மோதும் வேகம் தணிந்தது. அடியில் மணல் அரிக்கப்பட்டால், கூடை வளைந்து கீழிறங்கி அப்பள்ளத்தில் பொருந்திக்கொண்டது. ஒரு கூடை சிதைந்தாலும் கரை முழுவதும் சரிவதில்லை. அதனை மட்டும் மாற்றினால் போதும்.

நீரே மிக மென்மையான பொருள் என்பர். ஆயினும் வெள்ளமாகப் பெருகும்போது அந்நீரே வன்மையின் வடிவாகிறது. அவ்வன்மையை எதிர்கொண்டது மூங்கிலின் மென்மை.

இரும்பாமையும் இரும்பெருதுகளும்

மூங்கில் மட்கும் பொருள். சில ஆண்டுகளில் கூடைகள் சிதையும். மீண்டும் பின்ன வேண்டும். மீண்டும் அடுக்க வேண்டும். இத்தொல்லைக்கு ஒரே முறையில் முடிவு கட்டப் பிற்காலத்தார் சிலர் விரும்பினர். 14ஆம் நூற்றாண்டில் யுவான் மரபினர் ஆட்சியின்போது, மீன்வாயின் முனையில் இரும்பால் வார்த்த மாபெரும் ஆமை ஒன்று நிறுவப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் மிங் மரபினர் ஆட்சியின்போது இரும்பெருதுகள் இரண்டு வார்க்கப்பட்டு நிறுத்தப்பட்டன. இரும்பினும் உறுதியானது எது? இனி என்றும் கவலையில்லை என்றே அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால், ஆறு இரும்போடு நேருக்கு நேர் போரிடவில்லை; அதன் காலடி மணலை அரித்தது. கூடையைப் போல வளைந்து பள்ளத்தில் பொருந்திக்கொள்ள இரும்பால் இயலவில்லை. ஆமையும் நிலைக்கவில்லை, எருதுகளும் நிலைக்கவில்லை. மக்கள் மீண்டும் மூங்கிலைப் பிளந்து கூடை பின்னத் தொடங்கினர்.

ஆண்டுதோறும் ஓர் உழைப்பு

இவ்வரலாற்றைக் கேட்போர், வளைந்து கொடுத்தால் எல்லாம் தானே நடந்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. டூஜியாங்யானின் நீண்ட வாழ்வுக்குக் கூடைகள் மட்டும் காரணம் அல்ல. அவற்றைப் பேணிய கைகளும் காரணம்.

நீர் குறைந்த குளிர்காலத்தில் ஆண்டுதோறும் பராமரிப்புப் பணி நடைபெற்றது. மரக்கம்புகளை முக்காலி போலக் கட்டி ஆற்றில் வரிசையாக நிறுத்தி, மூங்கிற்பாய்களும் களிமண்ணும் கொண்டு தற்காலிகத் தடுப்பு அமைப்பர். ஒரு கிளையாற்றின் நீரை மற்றதற்குத் திருப்பிவிட்டு, வறண்ட படுகையில் இறங்கித் தூர்வாருவர். எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்? அதற்கும் முன்னோர் வழி வகுத்திருந்தனர். படுகையின் அடியில் இரும்புத் தண்டுகள் புதைக்கப்பட்டிருந்தன. அவை கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். அதற்குமுன் நிறுத்துதல் கூடாது. ஆமையாகவும் எருதாகவும் நின்று தோற்ற இரும்பு, அளவுகோலாகப் படுத்திருந்து பயன்பட்டது.

'படுகையை ஆழமாகத் தோண்டு; கலிங்கைத் தாழ்வாகக் கட்டு' என்னும் கருத்துடைய ஆறு எழுத்து முதுமொழி ஒன்று அங்கு வழிவழியாகப் போற்றப்படுகிறது. தூர்வாரும் உழைப்புக்கு அஞ்சிக் கலிங்கை உயர்த்திவிட்டால், மிகுநீரும் மணலும் வெளியேற வழியின்றி அமைப்பே பாழாகும் என்பது அதன் உட்கருத்து. பணி முடிந்ததும் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், முன்னோரை வழிபடும் சிங்மிங் நாளையொட்டித் தடுப்புகளை வெட்டி நீரைத் திறந்துவிடுவர். அது அம்மக்களுக்குப் பெருவிழா.

வளையாத இடம்

இவ்வமைப்பில் வளையாத இடமும் ஒன்று உண்டு. உள்ளாற்றின் நீர் சமவெளிக்குள் நுழைய யூலெய் மலை தடையாக நின்றது. அக்காலத்தில் வெடிமருந்து இல்லை. பாறையின்மேல் விறகை எரித்துச் சூடேற்றி, அதன்மேல் நீரை ஊற்றிப் பிளவுபடச் செய்து, சிறிது சிறிதாக மலையைக் குடைந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. அவ்வாறு திறக்கப்பட்ட வாயில் சுமார் 20 மீட்டர் அகலமுடையது. குடத்தின் கழுத்துப் போன்ற அவ்வாயில், எவ்வளவு வெள்ளம் வந்தாலும் ஓரளவு நீரையே உள்ளே விடும். மிகுந்த நீர் பின்வாங்கிக் கலிங்கின் வழியே வெளியேறும்.

ஆக, கரை வளைந்தது, கலிங்கு இடந்தந்தது, பாறைவாயில் அசையாமல் நின்றது. வெள்ளத்தால் ஊர் அழியலாகாது, வயலுக்கு நீர் தவறலாகாது என்னும் குறிக்கோளில் எவரும் வளைந்து கொடுக்கவில்லை. குறிக்கோள் நிலையாக நிற்பதற்காகவே வழிமுறை வளைந்தது.

காலம் மாறியபோது கட்டுமானப் பொருளும் மாறியது. 20ஆம் நூற்றாண்டில் மீன்வாய் கான்கிரீட்டால் கட்டப்பட்டது, மதகுகளும் சேர்க்கப்பட்டன. ஆயினும் ஆற்றைப் பிரிக்கும் முறையும், தாழ்ந்த கலிங்கும், தூர்வாரும் கடமையும் மாறவில்லை. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் டூஜியாங்யானை, அருகிலுள்ள சிங்செங் மலையோடு சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2008 மே 12 அன்று சிச்சுவானைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. ஆற்றங்கரைக் கோயில் கட்டடங்கள் இடிந்தன; மீன்வாயில் விரிசல்கள் தோன்றின. எனினும் பாசன அமைப்பு செயலிழக்கவில்லை. இன்றும் அது 6 இலட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்திற்கு நீர் தருகிறது.

மணலா, இரும்பா, கூடையா?

மாணவர்களே! உங்களுள் பலர் பெற்றோரின் பணியிட மாற்றத்தால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊரும் பள்ளியும் மாறுபவர்கள். புதிய வகுப்பறையில் முதல்நாள் நுழையும்போது, உங்கள் முன்னும் ஓர் ஆறு பெருகி ஓடுகிறது. அங்கு வரக்கூடிய இரு மாணவரை எண்ணிப் பாருங்கள்.

ஒருவன், 'இவ்வூர் மொழி எனக்கு வேண்டா. இவர்கள் உணவு எனக்கு ஒவ்வாது. பழைய பள்ளியே சிறந்தது' என்று ஒதுங்கி இருக்கிறான். தன்னைக் காத்துக்கொள்வதாகவே அவன் நம்புகிறான். ஆயினும் நாள்தோறும் தனிமை அவன் காலடி மணலை அரிக்கிறது. அவன் இரும்பாமை.

மற்றொருவன், எவரும் நகைத்துவிடுவரோ என்னும் அச்சத்தால் அனைத்தையும் மாற்றிக்கொள்கிறான். பேச்சை மாற்றுகிறான், பெயரைச் சுருக்குகிறான், நண்பர் எதிரில் பாட்டியின் தொலைபேசி அழைப்பை ஏற்கவும் கூசுகிறான். அவன் வளைகிறான் என்று சொல்லலாமா? கூடாது. வளைந்தது நிமிர வேண்டும். அவனோ ஆற்றோடு செல்லும் மணல்.

மூன்றாம் வழி ஒன்று உண்டு. புதிய ஊரின் மொழியைக் கற்றுக்கொள்ளலாம். அவ்வூர்ச் சிறுவரோடு கூடி விளையாடலாம். அவர்தம் உணவைச் சுவைக்கலாம். அதே வேளையில், வீட்டில் தமிழில் பேசலாம்; வாரம் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதலாம்; பாட்டிக்குக் கடிதம் வரையலாம். இதற்கும் ஆண்டுதோறும் தூர்வாரும் உழைப்பு வேண்டும். பேணாத மொழியும் மணல் படிந்து மேடாகும். சொந்த மாநிலத்தைவிட்டு வெகு தொலைவில் பணியாற்றும் ஆசிரியருக்கும் இப்பாடம் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். தீமையைக் கண்டு தலைகுனிந்து நிற்பதற்கோ, பொய்க்கு உடன்படுவதற்கோ இப்பழமொழியைத் துணைக்கு அழைத்தல் தகாது. அவ்விடங்களில் பாறைவாயிலாய் நிற்றலே அறம். எங்கே கூடையாக வேண்டும், எங்கே பாறையாக வேண்டும் என்று தெளிந்து அறிவதே கல்வியின் பயன்.

சொல்லும் பொருளும்

- கலிங்கு – மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் தாழ்ந்த அமைப்பு
- மதகு – நீரைத் திறந்துவிடவும் அடைக்கவும் உதவும் கதவமைப்பு
- படுகை – ஆற்றின் அடித்தளம்
- தூர்வாருதல் – படிந்த மணலையும் சேற்றையும் அகற்றுதல்
- முதுமொழி – நெடுங்காலமாக வழங்கிவரும் அறிவுரை

தெரிந்து தெளிவோம்

1974ஆம் ஆண்டில் டூஜியாங்யான் ஆற்றுப்படுகையில் லீ பிங்கின் கற்சிலை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அது கி.பி. 168இல் செதுக்கப்பட்டது. ஆற்றங்கரையில் லீ பிங்கிற்கும் அவர் மகனுக்கும் எழுப்பப்பட்ட கோயில் உள்ளது.

மொழித்திறன்

1. பொருள் வேறுபாடு: வளைதல் – மீண்டும் நிமிரும் ஆற்றலோடு சாய்தல். தளர்தல் – உறுதி குறைதல். பணிதல் – பிறர் பெருமையை அல்லது ஆணையை ஏற்று அடங்குதல். முறிதல் – மீண்டும் ஒன்றாக இயலாதவாறு உடைதல்.

2. புணர்ச்சி: மூங்கில் + கூடை = மூங்கிற்கூடை (நிலைமொழி ஈற்று லகரம் றகரமாகத் திரிந்தது). இரும்பு + ஆமை = இரும்பாமை (நிலைமொழி ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு, எஞ்சிய மெய்யோடு வருமொழி உயிர் சேர்ந்தது).

3. பகுபத உறுப்பிலக்கணம்: வளைந்து = வளை + த்(ந்) + த் + உ. வளை – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. உ – வினையெச்ச விகுதி.

பயிற்சி

அ) சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'கெ' என்னும் சீனச் சொல்லின் பொருள்
 (அ) மென்மை (ஆ) வன்மை (இ) வெல்லுதல் (ஈ) கொண்டு
2. வெள்ளக் காலத்தில் மிகுதியான நீரை ஏற்பது
 (அ) உள்ளாறு (ஆ) வெளியாறு (இ) பாறைவாயில் (ஈ) மீன்வாய்
3. 'மணற்கலிங்கு' என்பதைப் பிரித்து எழுதக் கிடைப்பது
 (அ) மணல் + கலிங்கு (ஆ) மணற் + கலிங்கு (இ) மண் + கலிங்கு (ஈ) மணம் + கலிங்கு

ஆ) குறுவினாக்கள்

1. 'ரோ' என்னும் எழுத்துக்குப் பழைய அகராதி கூறும் பொருள் யாது?
2. தூர்வாரும் ஆழத்தை அறிய முன்னோர் வகுத்த வழி யாது?
3. மின் ஆற்றின் படுகை சமவெளியில் உயர்வதற்குக் காரணம் என்ன?

இ) சிறுவினாக்கள்

1. மூங்கிற்கூடைக் கரை நிலைத்ததற்கும் இரும்பாமை நிலைக்காததற்கும் உரிய காரணங்களை ஒப்பிட்டு எழுதுக.
2. 'கலிங்கைத் தாழ்வாகக் கட்டு' என்னும் அறிவுரையின் உட்கருத்தை விளக்குக.

ஈ) நெடுவினா

'குறிக்கோள் நிலையாக நிற்பதற்காகவே வழிமுறை வளைந்தது.' இத்தொடரை டூஜியாங்யான் அமைப்பைக் கொண்டும் உங்கள் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டும் விளக்குக.

உ) செயல்திட்டம்

நீங்கள் இப்போது வாழும் ஊரின் மக்களிடம் வழங்கும் பழமொழி ஒன்றைக் கேட்டறிந்து, அதனைத் தமிழில் எழுதுக. அவ்வூரின் நிலம், நீர், தொழில் ஆகியவற்றுள் எதிலிருந்து அது தோன்றியிருக்கலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.